ஞாபகத்தைச் சோதிக்காத சீட்டாட்டம்

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஞாபக மறதி வந்துவிட்டது, மூளைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொன்னதும் பிள்ளைகள் பல பேர் கடையில் போய் வாங்கிவருவது ஜோடி சேர்க்கிற அட்டைகளைத்தான். எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, ஒன்றைத் திருப்பிப் பார்த்து, அதே படம் எந்த மூலையில் இருந்தது என்று ஞாபகம் வைத்திருந்து எடுக்க வேண்டும். பேரன் பேத்திக்கு அருமையான விளையாட்டு. அல்சைமர் தொடங்கியவருக்கு இதைவிடக் கொடுமையான விளையாட்டு இருக்க முடியாது என்பது என் கருத்து. ஐந்து நிமிடத்துக்கு முன் பார்த்தது மனதில் நிற்பதில்லை என்பதுதானே அவருடைய நோயே. அதையே மேசைமேல் பரப்பி வைத்து ஒவ்வொரு முறையும் தோற்க வைத்தால் மனிதர் எழுந்து போகாமல் என்ன செய்வார்?

அதனால் சீட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சாதாரண 52 சீட்டுக் கட்டு ஒன்று, மறதி உள்ள பெரியவர் இருக்கிற வீட்டில் நிறைய உதவும். ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது தெரிந்து எடுக்க வேண்டும். போன ஞாபகத்தைத் திரும்பக் கொண்டுவர அல்ல, இன்னும் மிச்சமிருக்கிற ஞாபகத்தை வைத்து அவர் ஒரு அரை மணி நேரமாவது நம்மோடு சரிசமமாக உட்கார்ந்திருக்கத்தான் சீட்டு.

ஞாபகம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூளையில் ஒரே இடத்தில் இருக்கிற ஒரே பொருள் இல்லை. இதைத் தெளிவாக உலகத்துக்குக் காட்டியவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். 1953-இல், அவருக்கு 27 வயதிருக்கும்போது, அடங்காத வலிப்புக்காக மூளையின் இரண்டு பக்கமும், புது ஞாபகங்களைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் பகுதியைப் பெருமளவு வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்கப்புறம் நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சந்தித்துப் பேசிவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தவர் அவருக்குப் புது ஆள். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் கோட்டுமேல் பென்சிலை ஓட்ட வேண்டும். மூன்று நாள் பயிற்சியில் அவருடைய கை அதை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் மூன்றாம் நாளும், இதற்கு முன் இதைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. அவருக்குத் தெரியாதது அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது.

அல்சைமர் நோய் முதலில் கை வைக்கிற இடங்களில் ஒன்று அதே ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதியும். அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆனால் பல வருடமாகச் செய்து பழகிய காரியங்கள் — பூ கட்டுவது, கோலம் போடுவது, சைக்கிள் ஓட்டுவது, சீட்டைப் பிடிப்பது — மூளையில் வேறு பகுதிகளை நம்பியிருப்பவை. அவை இன்னும் நெடுநாள் நிற்கும்.

இதை நான் கண்ணால் பார்த்தது என் பெரியப்பாவிடம். சாப்பிட்டோமா இல்லையா என்று அவருக்கு நிச்சயமில்லாத காலத்தில், ரம்மிக்கு 13 சீட்டைப் போட்டதும் அவர் எடுக்கிற விதம் மாறவே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டி நேராக்கிக்கொண்டு, இடது கட்டைவிரலால் விசிறி மாதிரி விரிப்பார். அப்புறம் ஒவ்வொன்றாக உருவி இடம் மாற்றுவார். முதலில் இஸ்பேட், அடுத்து ஆட்டின், அடுத்து கிளாவர், கடைசியில் டைமன். கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்போ சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்போ வராது, அவசரத்தில் இனம் மாறிப் பார்த்துவிடக் கூடாது என்று பழைய ஆட்டக்காரர்கள் வைத்துக்கொள்கிற ஒழுங்கு அது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் சிக்கல் வந்தது: கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுப்பார், அதைக் கையில் சொருகுவார், எடுத்தது மறந்துபோய் இன்னொன்றை எடுப்பார். கை 14 ஆகும், 15 ஆகும். அதைச் சுட்டிக்காட்டினால் முகம் சுருங்கிவிடும். நாங்கள் கடைசியில் செய்தது சின்ன மாற்றம்தான்: கட்டு அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும், அவருடைய முறை வரும்போது பக்கத்தில் இருப்பவர் ஒரு சீட்டை எடுத்து அவர் கையில் கொடுப்பார். முறை யாருடையது என்பதற்கு ஒரு டப்பா மூடி. அது யார் முன்னால் இருக்கிறதோ அவர் இறக்க வேண்டும். ஆட்டம் ஓடியது.

ரம்மியையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரிந்தது அதுதான். 1968-இல் ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம் என்றது. காரணமாகச் சொன்னதில் ஒன்று, விழுகிற சீட்டுகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. அந்த ஒன்றுதான் மறதி வந்தவரிடம் முதலில் போவது. எதிராளி எதை எடுத்தார், எதைக் கீழே போட்டார், எனக்கு வேண்டிய எட்டு ஏற்கெனவே போய்விட்டதா என்பதை மனதில் ஓட்டிக்கொண்டே அடுத்த இரண்டு மூன்று ஆட்டத்துக்குத் திட்டம் போட வேண்டும். ஆனால் ரம்மியில் வேறு வேலைகளும் இருக்கின்றன: இனம் பார்ப்பது, எண் வரிசை தெரிவது, செட் சேர்ந்திருப்பதைக் கண்டுகொள்வது, ராஜா ராணியின் மதிப்பு, தன் முறைக்குக் காத்திருப்பது, நல்ல சீட்டு வந்ததும் முகத்தை மாற்றாமல் இருப்பது. இவற்றில் பலவும் நோயின் நடுக்கட்டத்திலும்கூட இருக்கும். ஆகவே ஆட்டத்திலிருந்து ஞாபகம் வைக்கிற வேலையை மட்டும் உருவி எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால் போதும். 13-க்குப் பதில் ஏழு சீட்டு, ஜோக்கர் வேண்டாம், எல்லோர் கைச் சீட்டும் மேசைமேல் விரித்த நிலையில், கீழே போட்ட சீட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக மறையாமல் வரிசையாகத் தெரியும்படி. தொழில்முறை ஆட்டக்காரர் பார்த்தால் இது ரம்மியே இல்லை என்பார். இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் மிகப் பொருத்தமான ஆட்டம் ஏழை நடுவில் வைத்து ஆடுவது. பெரும்பாலான வீடுகளில் தெரிந்ததுதான்: முழுக் கட்டையும் பிரித்துப் போட்டுவிட்டு ஆட்டின் ஏழு யாரிடம் இருக்கிறதோ அவர் தொடங்குவார், அதற்கு மேலே எட்டு ஒன்பது பத்து என்று ராஜா வரைக்கும், கீழே ஆறு ஐந்து நான்கு என்று ஆஸ் வரைக்கும் அவரவர் முறையில் வைத்துக்கொண்டே போக வேண்டும், மற்ற மூன்று இனத்துக்கும் ஏழு விழுந்தால்தான் வரிசை திறக்கும். இதில் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. நடந்த ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே நாலு வரிசையாகக் கிடக்கிறது. அவர் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி, இந்த மேசைமேல் என் கையில் இருக்கிற எது போகும் என்பது. அதற்குப் பதில் சொல்ல எண் வரிசையும் இனமும் தெரிந்தால் போதும். தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மெதுவாக டைமன் வரிசையின் நுனியைத் தொட்டுக் காட்டலாம்; பதிலைச் சொல்லவே வேண்டாம், பெரும்பாலும் கை தானாகப் போகும்.

இலங்கைத் தமிழ் வீடுகளில் 304 என்ற சீட்டாட்டம் தெரிந்த பெரியவர்கள் நிறைய. அது கூட்டாளி ஆட்டம், துருப்பு (மற்ற இனங்களை வெட்டுகிற இனம்) மறைவாக இருக்கும், எத்தனை புள்ளி பிடிப்போம் என்று கேள்வி கேட்டு ஏற்ற வேண்டும். மறதி வந்தவருக்கு முழு ஆட்டம் சீக்கிரமே கஷ்டமாகிவிடும். ஆனால் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்கிற கணக்கு அவ்வளவு எளிதில் அழியாது. இனத்துக்கு 76, நாலு இனம் சேர்ந்தால் 304. பிடித்த சீட்டுகளை எண்ணிப் புள்ளி சொல்லும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். கனடாவிலோ லண்டனிலோ பேரப்பிள்ளைகள் ஆட, தாத்தா கணக்குப் பார்ப்பவராக மேசையின் தலைமாட்டில் இருக்கலாம். கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் ஆடுகிற 28 என்ற ஆட்டத்துக்கும் இதே வழி, அங்கே ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று.

நோய் இன்னும் முற்றும்போது விதி என்பதே பாரமாகிவிடும். அப்போது ஆளுக்கொரு சீட்டைத் திருப்பி யாருடையது பெரியது என்று பார்க்கலாம். அதுவும் முடியாதபோது சிவப்பு ஒரு பக்கம் கறுப்பு ஒரு பக்கம் என்று பிரிக்கலாம், அதற்கப்புறம் கட்டைக் கலைத்துத் தருவது மட்டும். கலைத்துப் பழகிய கை நெடுநாள் கலைக்கும். இதை விளையாட்டு என்று சொல்ல முடியாதே என்று வருத்தப்பட வேண்டியதில்லை, கையில் பழகிய பொருள் இருப்பதே சிலருக்குப் பதற்றத்தைக் குறைக்கிறது.

இனி பொருள்கள். மறதி என்று நாம் நினைப்பதில் பாதி சில நேரம் கண்ணும் காதும் செய்கிற வேலை. கண்புரை இருந்தால் சீட்டின் மூலையில் இருக்கிற பொடி எழுத்து தெரியாது, எட்டும் மூன்றும் ஒன்றாகத் தெரியும். அல்சைமரில் மெல்லிய நிற வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கும் திறனும் குறையும். பெரிய எழுத்துப் போட்ட சீட்டுக்கட்டு ஆன்லைனில் கிடைக்கிறது. மேசைமேல் பூப்போட்ட விரிப்பு வேண்டாம், கரும்பச்சையோ கருநீலமோ ஒரே நிறத் துணி போதும், அதன்மேல் வெள்ளைச் சீட்டு எடுப்பாகத் தெரியும். பளபளக்கிற கண்ணாடி மேசைமேல் ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்தால் சீட்டே தெரியாது. மூட்டுவாதமோ கை நடுக்கமோ இருந்து விசிறி பிடிக்க முடியாதவருக்கு, புதிதாக ஒரு துணி துவைக்கிற பிரஷ் வாங்கி முள் மேலே இருக்கும்படி வைத்தால் முட்களுக்கு நடுவே சீட்டுகள் நிற்கும். காது மெஷினும் மூக்குக் கண்ணாடியும் போட்டிருக்கிறாரா என்று முதலிலேயே பாருங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். நேரம் காலை பத்து பதினொன்று நல்லது. பொழுது சாயும்போது பலருக்குக் குழப்பமும் எரிச்சலும் கூடும், அந்த நேரத்தில் சீட்டை எடுத்தால் சண்டைதான் வரும்.

பேசுகிற விதம் இதைவிட முக்கியம், இதில்தான் அன்பான பிள்ளைகளே அதிகம் தடுக்குகிறார்கள். "அப்பா, இப்பதானே சொன்னேன், மறந்துட்டீங்களா?", "இது என்ன சீட்டு சொல்லுங்க பார்ப்போம்?" — இரண்டும் பரீட்சை. பிரிட்டனில் ஐமி ஸ்பெக்டரும் அவருடன் இருந்தவர்களும் மறதி வந்தவர்களுக்காக உருவாக்கிய அறிவுத் தூண்டல் சிகிச்சையில் ஒரு கொள்கை உண்டு: தகவலைக் கேட்காதே, அபிப்பிராயத்தைக் கேள். சரியான பதில் ஒன்றே ஒன்று இருக்கிற கேள்வியில் அவர் தோற்கலாம், "எதை இறக்கலாம், நீங்க என்ன நினைக்கிறீங்கப்பா?" என்பதில் தோற்க வழியில்லை. தப்பாக இறக்கினால் விட்டுவிடுங்கள். சீட்டைத் திருடிவிட்டாய் என்று பழி சொன்னால் வாதாடாதீர்கள், சந்தேகப்படுவது இந்த நோயில் அடிக்கடி வருவது. "ஐயோ, மாறிப் போச்சுப்பா, திரும்பப் போடலாம்" என்று கலைத்துப் போட்டால் முடிந்தது. அதே சமயம் குழந்தைக்கு விட்டுக்கொடுப்பதுபோல் ஒவ்வொரு ஆட்டத்திலும் வேண்டுமென்றே தோற்றுக் கைதட்டாதீர்கள், முப்பது நாற்பது வருடம் கிளப்பில் சீட்டாடியவருக்கு அது உடனே தெரிந்துவிடும், அவமானமாக இருக்கும்.

அந்த ஸ்பெக்டர் குழுவின் சிகிச்சையில் 14 அமர்வுகள், வாரத்துக்கு இரண்டு என்று ஏழு வாரம், சின்னக் குழுவாக உட்கார்ந்து செய்வது. 2003-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் டிமென்ஷியா (அல்சைமர் உட்பட மறதி நோய்களுக்குப் பொதுப்பெயர்) உள்ள 201 பேர் பங்கெடுத்தார்கள், கலந்துகொண்டவர்களின் அறிவுத்திறனும் வாழ்க்கைத் தரமும் ஓரளவு மேம்பட்டன. எண் விளையாட்டும் வார்த்தை விளையாட்டும் அதில் உண்டு. ஆனால் வேலை செய்தது விளையாட்டு மட்டும் அல்ல, ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசியதும்தான். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் இதைத் தமிழ்நாட்டுக்கு ஏற்றபடி மாற்றி நடத்தியிருக்கிறது.

சீட்டாடினால் டிமென்ஷியாவே வராது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மூலம் இருக்கிறது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-இல் வெளியானது. வாசிப்பது, இசைக்கருவி வாசிப்பது, நடனம் ஆடுவது, பலகை விளையாட்டோ சீட்டோ ஆடுவது ஆகிய பழக்கம் உள்ளவர்களிடம் டிமென்ஷியா குறைவாக இருந்தது. பத்து வருடம் கழித்து பிரான்சில் 3,675 பேரை 20 வருடம் கவனித்த ஆய்வில், சீட்டு உட்பட இப்படிப்பட்ட விளையாட்டுகள் ஆடுகிறவர்களுக்கு ஆபத்து 15 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. ஆனால் ஆரம்பத்திலேயே அவர்களுடைய அறிவுத்திறன் எப்படி இருந்தது, மனச்சோர்வு இருந்ததா என்பதையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பிரிட்டனில் அரசு ஊழியர்கள் 8,280 பேரை 18 வருடம் தொடர்ந்த ஆய்வு 2020-இல் வந்தது. ஐம்பதுகளில் பொழுதுபோக்கில் ஈடுபட்டதற்கும் பின்னால் டிமென்ஷியா வந்ததற்கும் அதில் தொடர்பு தெரியவில்லை, ஆனால் நோய் வரப்போகிறவர்கள் அதற்குச் சில வருடம் முன்பிருந்தே ஈடுபாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அதாவது சீட்டாடாததால் நோய் வந்தது என்பதைவிட, நோய் வரத் தொடங்கியதால் சீட்டை விட்டார் என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இது வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். தினமும் சாயங்காலம் மனமகிழ் மன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று "இப்பெல்லாம் பிடிக்கலை", "அவனுங்க சரியில்லை" என்று நிறுத்திவிட்டால், கூட ஆடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தப்பான சீட்டை இறக்குவது, கணக்கு விடுவது, ஆட்டம் தாமதமாவது எல்லாம் மனைவி பிள்ளைகளுக்கு முன்பே அந்த மேசைக்குத் தெரிந்திருக்கும். கூட்டாளி ஆட்டத்தில் ஒருவர் தடுமாறினால் இன்னொருவரும் தோற்கிறார், அதனால் மெதுவாகக் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களிடம் போய் நிலைமையைச் சொல்லி, வாரத்தில் ஒரு நாளாவது வீட்டுக்கு வந்து காசு வைக்காமல் ஒரு மணி நேரம் அவரோடு ஆடச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பழைய கூட்டாளிகளின் குரலும் கிண்டலும் செய்கிற வேலையை எந்தச் செயலியும் செய்யாது. மூளைப் பயிற்சிச் செயலி என்று விற்ற லுமோசிட்டி நிறுவனம், மறதியையும் டிமென்ஷியாவையும் தடுக்கும் என்கிற மாதிரி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் 2016-இல் அமெரிக்க அரசுக்கு 20 லட்சம் டாலர் கட்டியது.

ஆனால் சீட்டுக்கு முன்னால் டாக்டர். மறதி எல்லாமே அல்சைமர் இல்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 கட்டாயம் பார்க்க வேண்டும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது, அதில் டாக்டரிடமே போகாதவர்கள் ஏராளம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராசன் தொடங்கிவைத்த முதியோர் மருத்துவப் பிரிவு இருக்கிறது, வயசானால் மறக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடாமல் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

பணம் வைத்து ஆடுவது மட்டும் கண்டிப்பாக வேண்டாம், பத்துப் பைசாவாக இருந்தாலும். கொடுத்தேன் கொடுக்கவில்லை என்ற சச்சரவு ஒரு பக்கம் இருக்க, மூளையின் நெற்றிப்பகுதியைத் தாக்கும் டிமென்ஷியாவில் தன்னைக் கட்டுப்படுத்துகிற திறனே போகும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாதிரி மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடுவதும் மருத்துவர்களுக்குத் தெரிந்த பக்கவிளைவு, அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டது, ஆனாலும் பெரியவர் கையில் இருக்கிற போனில் எந்தச் செயலிக்கு வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், சீட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக நம் அம்மாக்களும் பாட்டிகளும். சீட்டு என்றாலே குடும்பத்தைக் கெடுப்பது என்று கேட்டு வளர்ந்தவருக்கு எழுபத்தைந்து வயதில், அதுவும் புதிதாக எதுவும் பதியாத நிலையில், ரம்மி கற்றுத்தருவதில் அர்த்தமில்லை. கை எதைப் பழகியிருக்கிறதோ அதுதான் சீட்டு. பல்லாங்குழி பழகிய கை பல்லாங்குழியை விடாது, அதிலும் எல்லாக் காயும் கண்ணெதிரேதான். அள்ளுவதும் ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவதும் விரலுக்கே தெரியும். தாயக்கட்டையில் வெட்டுவதும் மலை ஏறுவதும் குழப்பினால் ஆளுக்கு ஒரே காயை வைத்து, வெட்டு இல்லாமல் சுற்றி வரலாம். எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தால் சின்னச் சோழி மட்டுமல்ல, பெரிய புளியங்கொட்டையும் ஆபத்துதான், அப்போது கைக்கு அடங்குகிற பெரிய மரக்காய்களுக்கு மாறுங்கள், பக்கத்தில் ஒருவர் இருங்கள்.